அழுகண்ணி இருந்த தரை

கடப்பாக்கத்துக்குத் தெற்கே, மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு ஈரத் தரை இருக்கிறது. நின்று பார்த்தால் மாடு மேயும் புறம்போக்கு, அவ்வளவுதான். குனிந்து பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கோரையும் நீர்முள்ளியும் இருக்கும். ஒரு சாண் மேலே வந்தால் வல்லாரையும் பொடுதலையும். இன்னும் ஒரு சாண் ஏறினால் வெறும் மணல். மழைக்காலம் முடிந்த பிறகும் மேட்டிலிருந்து கசியும் தண்ணீர் அந்த மணலைத் தை மாதம் வரை நனைத்துக்கொண்டே இருக்கும். அங்கேதான் அழுகண்ணி முளைக்கும். எட்டணாக் காசு அகலம், சிவந்த இலை, இலை முழுக்கப் பசைத் துளி. கொசு வந்து உட்கார்ந்தால் தீர்ந்தது. மண்ணில் சத்தில்லாததால் பூச்சியைத் தின்று பிழைக்கிற செடி. மாடுகள் மேய்ந்து புல்லைக் குட்டையாக வைத்திருப்பதால்தான் அதற்கு வெயில் கிடைக்கிறது.

இதையெல்லாம் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னேன். ஊரப்பாக்கத்தில் என் பக்கத்து வீட்டுக்காரி. ஒரே மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வந்து தோழியானவள். முதல் தடவை கூட்டிப்போய்க் காட்டியபோது என் தலையில் கை வைத்து, “உம்மேல சத்தியம்டி, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றாள். நான் கேட்கக்கூட இல்லை. அதற்குப் பின் மார்கழி தவறாமல் இருவரும் போனோம்.

போன மார்கழியில் முட்டி வலி, வரவில்லை என்றாள். தனியாகப் போனேன். மணல் முழுக்கக் குழி. மண்வெட்டி போட்டு வழித்திருந்தார்கள். அழுகண்ணி ஒன்றுகூட இல்லை. மாடு ஓட்டிவந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“உங்கூட வருமே ஒரு பொண்ணு, அதான் போன வாரம் வேன்ல ஆளுங்கள இட்டுகினு வந்துச்சு. மண்ணோட வாரிகினு பூட்டாங்க. உங்கிட்ட சொல்லலியா?”

அந்தக் கேள்விதான் சுட்டது. திரும்பி வந்ததும் நேராக அவள் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். முட்டி வலிக்காரி என் பின்னாலேயே விடுவிடுவென்று ஏறி வந்தாள். வரிசையாகத் தொட்டிகள். கரிசலாக நல்ல கொழுத்த மண். அதில் அழுகண்ணி கருகிச் சுருண்டு கிடந்தது.

“செடிதானேடி. நம்ம மாடித் தோட்டம் குரூப்புல எல்லாம் ஆசப்பட்டாங்க. மண்புழு உரம்லாம் போட்டேன், இன்னான்னு தெரியல, கருகிகினே போவுது.”

சத்தில்லாத மண்ணில் வாழும் செடி என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அது அவள் காதில் ஏறவே இல்லை. வழியை மட்டும் பத்திரமாக நினைவில் வைத்துக்கொண்டாள். இப்படியும் ஒருத்தி துரோகம் செய்வாளா என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

“கோச்சிக்காத. வேற எங்கனா இருக்குதா, சொல்லு. இந்தத் தபா உன்னியும் இட்டுகினு போறேன்.”

என்னையும்.

“இல்ல” என்றேன்.

இருந்தது. கருங்குழிப் பக்கம் ஏரிக்கரைக்குக் கீழே ஒரு கசிவு நிலத்தை அந்த வருஷம்தான் கண்டுபிடித்திருந்தேன். அவளுக்குக் காட்டி அசத்தலாம் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

தை மாதம் அங்கே போனேன். மணலில் அழுகண்ணி சிவப்பாகப் பரவியிருந்தது. ஒரு இலையில் ஈ சிக்கித் துடித்தது. பழக்க தோஷம், “இங்க பாருடி” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் மாடுதான் நின்றது.