ரிவர்ஸ் கியரில் பரீட்சைக்குப் போனோம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரிக்கு என் மனைவியைப் பரீட்சைக்கு அழைத்துப் போனேன். ட்ரெய்னில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. நான் ஜீப்பில் அழைத்துப் போனேன். வந்த வினை அத்தனையும் அங்கேதான் ஆரம்பம்.

முதலில் ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காடு மேடெல்லாம் ஏறி இறங்க வேண்டும் என்பது என் வெகுநாள் கனவு. காடு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், எங்கள் பக்கம் கம்பெனிகளும் ஏரிகளும்தான். ஒரு பழைய ஜீப்பை வாங்கி, பைபாஸ் ஓரம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஆனால் சேற்றில் மெதுவாக, பலமாக இழுப்பதற்கென்று இருக்கும் அந்தச் சின்ன லிவர் மட்டும் துருப்பிடித்து அசையாமல் கிடந்தது.

“மொதல்ல இந்த லிவரப் பிரிச்சி சரி பண்ணிக்கலாம். பெரிய டயர் வோணும்னா பின்னாடி அச்சுல கீற பல்சக்கரம், அந்த கிரவுன் செட்டையும் மாத்தணும், இல்லாங்காட்டி இழுவ பத்தாது. கியர் சைக்கிள்ல மேடு ஏறச்சொல்ல இழுவக் கியருக்கு மாத்துவல்ல? அதே கதைதான். உசரத்த அப்பால பாத்துக்கலாம்” என்றார் அவர்.

கியரை மாற்றினால் தெருவில் யாருக்குத் தெரியும்? எனக்கு வேண்டியது நாலு பேர் கண்ணில் படுகிற உயரம்தான். கம்பெனியில் நான் பார்ப்பது தரப் பரிசோதனை வேலை. ஒரு கம்பி நூலளவு கூடினாலும் கழித்துக்கட்டிவிடுவேன். சொந்த வண்டிக்கு மட்டும் கண்ணளவு. வண்டியை நாலு அங்குலம் தூக்கி, இருபத்தெட்டு அங்குல டயர் இருந்த இடத்தில் முப்பத்து மூன்று மாட்டினேன். லிவரும் கிரவுனும் அடுத்த போனஸுக்கு என்று தள்ளிவைத்தேன்.

வண்டி தெருவுக்குள் வந்தபோது பிள்ளைகள் கை தட்டின. மனைவி சுற்றிவந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் கீது. ஏறுறதுக்கு ஏணி எங்க வெச்சிக்கிறீங்க?” என்றாள். அவளுக்காக ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் பின்னால் போட்டேன். ஸ்டெப்னிக்கு அடுத்து இதுதான் என்று, ஆறாவது சக்கரம் என அதற்குப் பெயர் வைத்தாள்.

அவளும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைதான். அரசு வேலைக்கான தேர்வுக்கு இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தாள். வயது வரம்பின்படி இதுதான் கடைசி வாய்ப்பு. ஒன்பது மணிக்குத் தேர்வு மையத்தின் கேட்டை மூடிவிடுவார்கள், ஒரு நிமிடம் தாமதமானாலும் உள்ளே விட மாட்டார்கள். ஏழு மணி ட்ரெய்னுக்குக் கிளம்பியவளை நான்தான் மறித்தேன்.

“இவ்ளோ பெரிய வண்டி வாசல்ல நிக்குது. நீ ட்ரெய்ன்ல தொங்கிக்கினு போறியா?”

ஏழரைக்குக் கிளம்பினோம். பாதி வழியில் சாலையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று வண்டிகளைச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சுற்றிப் போனார்கள். நான் போவேனா? ஏரிக்கரை ஓரமாக ஒரு மண்பாதை உண்டு. கடைசியில் ஒரு மேடு ஏறினால் தார்ச்சாலை. “இதுக்குத்தான் வண்டியே வாங்கினது” என்று ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

மேட்டுக்கு இருபதடி முன்னால் வண்டி சேற்றில் உட்கார்ந்தது. முதல் கியர் போட்டு மிதித்தால், ஒன்று இன்ஜின் அணைந்தது, இல்லாவிட்டால் கிளட்ச் தீய்ந்து நாறியது. இரண்டும் இல்லாவிட்டால் அந்த மாபெரும் டயர்கள் நின்ற இடத்திலேயே சுற்றி, அழகாகக் குழி தோண்டின. மணி எட்டு பத்து. சுற்றிலும் வயல். ஆளில்லை, டிராக்டர் இல்லை. நடந்து போனால் பொன்னேரி ஒரு மணி நேரத்துக்கு மேல்.

நான் இறங்கி, டயரின் மேல் கை வைத்தபடி நின்றேன். மேலே சீட்டிலிருந்து அவள் கேட்டாள்.

“அத்தக் கட்டிப்புடிச்சி அழுவப் போறீங்களா, யாருக்கனா போன் போடப் போறீங்களா?”

மெக்கானிக் அண்ணனுக்குப் போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்து முடித்திருந்தார். பரீட்சை விஷயம் சொன்னதும் குரல் மாறியது.

“தங்கச்சிக்குப் பரிச்சையா? யோவ், இன்னா மனுசன்யா நீ! சரி கேளு. நாலு டயர்லயும் காத்தப் பாதிக்கு எறக்கு. சப்பாத்தி மாரி பரந்து உக்காரும், சேத்துல முழுவாது. அப்பால ரிவர்ஸ் போடு. உன் வண்டில ஒண்ணாவது கியர விட ரிவர்ஸுக்குத்தான் இழுவை ஜாஸ்தி. பின்னால வந்து, வண்டியத் திருப்பி, மேட்ட ரிவர்ஸ்லயே ஏறு.”

“ரிவர்ஸ்லயாண்ணா? பாக்கறவன் சிரிப்பான்.”

“இப்ப மட்டும் இன்னா, மால போடுறானா?”

அவள் அதற்குள் ஸ்டூலைச் சேற்றில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பரீட்சைக்கென்று வைத்திருந்த இரண்டு கறுப்புப் பேனாக்களில் ஒன்றை எடுத்து, டயரின் வால்வு ஊசியை அழுத்தினாள். புஸ்ஸென்று காற்று இறங்க, அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. என்னைத்தான் சபிக்கிறாள் என்று நினைத்துக் குனிந்து கேட்டேன். தமிழ்நாட்டு ஆறுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது டயரில் பேனா முனை மடங்கியது. “இன்னொண்ணு குடு” என்று கை நீட்டினேன். “அது பரிச்சைக்கு. உங்க சாவிய வெச்சி குத்துங்க” என்றாள். குத்தினேன்.

எட்டரைக்கு ரிவர்ஸ் போட்டேன். வண்டி ஒரு முனகலோடு குழியை விட்டு வந்தது. கொஞ்சம் பின்னால் கெட்டியான இடத்தில் திருப்பினேன். அவள் பின்பக்கம் கம்பியைப் பிடித்து நின்று வழி சொன்னாள்.

“லெப்ட்ல ஒடிங்க… அய்யோ, அது ரைட்டு! நேரா வாங்க. வுடாதீங்க, வுடாதீங்க… மிதிச்சிக்கினே வாங்க!”

விடவில்லை. இனி என்ன ஆனாலும் இந்த மேட்டில் நிற்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பியபடியே மிதித்தேன். நத்தை வேகம்தான். ஆனால் ஒவ்வோர் அடியும் வண்டி ஏறியது. கடைசியில் என் கம்பீரமான ஜீப், பின்புறத்தை முதலில் காட்டிக்கொண்டு, சாலையோர டீக்கடைக்கு முன்னால் போய் நின்றது.

“இன்னா நைனா, இஞ்சினப் பின்னாடி வெச்சிப் பூட்டிட்டியா?” என்றார் டீக் கிளாஸோடு நின்ற ஒருவர்.

பதில் சொல்ல நேரமில்லை. காற்றிறங்கிய டயரோடு உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, காவலாளி கேட்டின் ஒரு கதவைச் சாத்திவிட்டு அடுத்ததைப் பிடித்திருந்தார். நான் ஸ்டூலை எடுக்கத் திரும்பினேன். அவள் காத்திருக்கவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாள், சேற்றுக் காலோடு ஓடினாள், மூடப் போகும் கதவின் இடுக்கில் நுழைந்துவிட்டாள். நான் கையில் நீல ஸ்டூலுடன் நடுத்தெருவில் நின்றேன். மத்தியானம் வரை அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் தேறினாள். இப்போது பொன்னேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. தினமும் ட்ரெய்னில்தான் போகிறாள். ஜீப்பில் விடட்டுமா என்று கேட்டால், “லீவு நாள்ல பாத்துக்கலாம்” என்கிறாள்.

ஜீப்பின் உயரத்தைப் பழையபடி இறக்கிவிட்டேன். டயரையும் சின்னதாக்கினேன். லிவரும் கிரவுனும் சரியான பிறகு அதே ஏரிக்கரை மேட்டில் முன்பக்கமாகவே ஏறிக் காட்டினேன். பார்க்க ஒருவரும் இல்லை. ஸ்டூல் இப்போது சமையலறையில் இருக்கிறது. ஷிப்ட் முடித்து வந்த களைப்பில், அடுப்பில் குக்கர் கத்தக் கத்த, இரண்டு வருடம் அவள் புத்தகமும் கையுமாக நின்ற இடம் அது. அத்தனை நாளும் என் கண்ணில் டயர்தான் பட்டது. வண்டியோ குடும்பமோ, இழுத்துக்கொண்டு போவது எது என்று வெளியே நின்று பார்த்தால் தெரிவதில்லை என்பதை, அந்த நீல ஸ்டூலைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.