ஒரு முடறு தண்ணீர்

காயப்பட்டவருக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே என் நாக்கு தேய்ந்துபோனது. எங்கள் மட்டக்களப்புச் சனத்துக்கு ரத்தத்தைக் கண்டால் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஓடினால் சோடாக் கடைக்குத்தான் ஓடும். நான் அம்புலன்ஸில் உதவியாளாக இருந்த காலம் முழுக்க, விழுந்து கிடப்பவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குவதும், வாயருகே வந்துவிட்ட போத்தலைப் பறிப்பதும்தான் என் முதல் வேலை. எத்தனை பேர் என்னைக் கல்நெஞ்சன் என்று திட்டியிருப்பார்களோ தெரியாது.

அந்தக் கண்டிப்பு சும்மா வந்ததல்ல. சுனாமி அன்று கல்குடாவில், மரத்தில் மோதுண்டு வயிறு வீங்கிப்போன மீனவர் ஒருவரை வண்டியில் ஏற்றினோம். அடுத்தவரைத் தூக்க நான் இறங்கிப் போன நேரத்தில், சொந்தக்காரர் யாரோ பாசத்தில் ஒரு முழுச் சோடாவை அவருக்குப் புகட்டிவிட்டார். பாதி வழியில், மயங்கிக் கிடந்தபடியே வாந்தியெடுத்தார். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. புரட்டிப் போட்டு, வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி, என்னென்னவோ செய்தும் என் கையிலேயே போய்விட்டார். கடல் விட்டுவைத்த மனுசனைச் சோடா கொண்டுபோனதே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அதற்குப் பிறகு வயிற்றில் காயம் என்றால் ஒரு சொட்டும் இல்லை. அதில் நான் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை.

கிழக்கில் சண்டை முடிவை நெருங்கிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மத்தியானம் வாழைச்சேனையில் ஒரு வேளாண்மைக்காரரை ஏற்றினோம். வயல் வட்டையில் நின்றவருக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்து, துண்டொன்று வயிற்றுக்குள் போயிருந்தது. கூடவே அவர் மனைவி ஏறினார். அவர் கையில் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது. நான் காயத்தை ஈரத்துணியால் மூடிக் கட்டி, சேலைனை ஏற்றினேன். நாடி போய்ப் போய் வந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை மேசைவரை இந்த உயிரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். எனக்கு வேறு நினைப்பில்லை.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வாசலைத் தாண்டும்போது அவர் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, ஒரு முடறு தண்ணி தா மனே."

"இப்ப ஏலாது அண்ணன். போனதும் ஒப்பரேசன் செய்யோணும். கொஞ்சம் பொறுங்க."

ரத்தம் போகப் போகத் தாகம் கூடும். அதைத் தெரிந்துகொண்டும் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் இந்த வேலை. அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். முதலில் என்னைக் கேட்டார், பிறகு மனைவியைக் கேட்டார், பிறகு யாரையென்றில்லாமல் கேட்டார்.

ஏறாவூருக்குக் கிட்ட, சோதனைச் சாவடியில் மறித்தார்கள். நான் இறங்கிப் பதில் சொல்லிவிட்டு வந்து கதவைத் திறந்தால், அவர் மனைவி, அந்த அக்கா, போத்தல் மூடியைக் கழற்றி அவர் உதட்டருகே கொண்டுபோயிருந்தார். பாய்ந்து பறித்தேன்.

"குடுத்தா ஆள் தப்பமாட்டார் அக்கா."

அந்தச் சொல்லோடு அவர் அடங்கிப்போனார். கணவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். நான் போத்தலை என் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு, பஞ்சை நனைத்துக் காயக்காரரின் உதட்டைத் துடைத்தேன். அவர் அந்தப் பஞ்சைப் பல்லால் கடித்துப் பிடித்து உறிஞ்சினார். நான் அதையும் இழுத்தெடுத்தேன்.

தன்னாமுனைக்கு வரும்போது நாடி திரும்பி வரவில்லை. நெஞ்சை அழுத்தினேன், காற்றுப் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பிறகு சாரதியின் தோளைத் தொட்டேன். அவர் சைரனை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றதில்தான் அக்காவுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நான் செய்தது சரி. எந்த வைத்தியரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். இன்றைக்கு அதே காயத்தோடு ஒருவர் வந்து கெஞ்சினாலும் நான் கொடுக்கமாட்டேன். ஆனாலும் சரியாகச் செய்தவனுக்கு நெஞ்சு இவ்வளவு ஏன் நோக வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

அக்கா அழவில்லை. என்னிடம் கையை நீட்டினார்.

"அந்தப் போத்தலத் தாங்க தம்பி. இனிக் குடுக்கலாந்தானே."

கொடுத்தேன். ஒரு கையால் கணவரின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தண்ணீர் கடைவாயால் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. "மெல்லக் குடிங்க" என்று சொல்லி முந்தானையால் துடைத்துவிட்டு, மறுபடியும் ஊற்றினார். போத்தல் முடியும்வரை நான் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.