இன்ஸ்பெக்டர் அக்காவின் எழுபத்திரண்டு மணி நேரம்

"விழுந்தியா?"

உட்காரச் சொல்வதெல்லாம் கிடையாது. கர்ப்பிணிகள் பிரிவின் மூத்த நர்ஸ், அட்டையில் ரத்த வகை நெகட்டிவ் என்று கண்டால் இப்படித்தான் ஆரம்பிப்பார். ரயில் வரும் நேரம் அறிவிக்கிற குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "வழுக்கினியா? கதவு, மேசை, எதுலயாவது இடிச்சியா?" வார்டில் அவருக்கு இன்ஸ்பெக்டர் அக்கா என்று பெயர். அவருக்கும் தெரியும். "தொப்பி மட்டும் தரமாட்டேங்கறாங்க" என்பார்.

இன்று எதிரில் ஆறு மாதக்காரி. பதில் சொல்வதோ பக்கத்தில் நிற்கும் மாமியார். "விழறதா? தரையில காலே படவிடலையே நான்!"

ரத்தக் கசிவு?

"அய்யய்யோ, அதெல்லாம் இல்ல."

வயிற்று வலி?

"எனக்குத்தான் இருக்கு."

அக்கா பேனாவை மூடினார். "அப்ப உங்களை முதல்ல பாப்போம். மூணாம் நம்பர் ரூம்ல பிரஷர் பாக்கறாங்க, போங்கம்மா."

துணைக்கு வந்தவர்களுக்குப் பிரஷர் பார்ப்பது மருத்துவமனை விதிகளில் இல்லை. அக்காவின் விதிகளில் உண்டு. நீளமான வரிசைதான் அந்த அறையின் சிறப்பு.

செருப்புச் சத்தம் தேய்ந்ததும் அதே குரல்: "இப்ப சொல்லு. விழுந்தியா?"

பெண் தரையைப் பார்த்தாள். "முந்தாநாள் சாயங்காலம். போன் பேசிட்டே மாடிப்படி இறங்கினேன்க்கா. சறுக்கி, வயிறு கைப்பிடியில இடிச்சுடுச்சு. அத்தைக்குத் தெரிஞ்சா போனைப் பிடுங்கி வெச்சுக்குவாங்க. குழந்தை நல்லாத்தான் துள்ளுது."

"இந்தக் குழந்தையை டாக்டர் பாக்கட்டும். அடுத்தது?"

"அடுத்ததா?"

"குழந்தை ரத்தம் பாசிட்டிவா இருந்து உன்னோடதுல கலந்திருந்தா, உன் உடம்பு அதை எதிரின்னு குறிச்சு வெச்சுக்கும். அடுத்த பிள்ளை வரும்போது அதோட ரத்தத்தை அழிக்கப் பாக்கும். குறிச்சுக்கறதுக்கு முன்னாடி ஊசி போட்டுடணும். எழுபத்திரண்டு மணி நேரம்." விரல் விட்டு எண்ணினார். "அதுல நாப்பது போச்சு. வா, டாக்டர்கிட்ட போலாம்."

டாக்டர் வயிற்றைச் சோதித்து ஸ்கேன் பார்த்து ஊசி எழுதிக் கொடுத்தார். அக்கா அதைப் போட்டுவிட்டு அட்டையில் காரணம் எழுதிக்கொண்டிருந்தபோது மாமியார் திரும்பி வந்தார்.

"எனக்கு எல்லாம் நார்மலாம்! ஆமா, இவளுக்கு எதுக்கு ஊசி?"

"நெகட்டிவ் ரத்தம்மா. நெகட்டிவ்காரங்களுக்குப் போடற ஊசி."

"எங்க, என்ன எழுதியிருக்கு?" மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

அக்கா மறுக்காமல் அட்டையை நீட்டினார். 'படிக்கட்டில் சறுக்கி வயிற்றில் அடி' என்ற வரியின்மேல் அக்காவின் கட்டைவிரல் அகலமாகப் படிந்திருந்தது.