அவரு ஒப்படைச்சிட்டுப் போன ஆளு

கட்டாருக்கு வேலைக்குப் போறதுக்கு மொத நாள் எங்க வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு கம்ப்யூட்டர் முன்னால உக்கார வச்சாரு. பேங்க் புத்தகம் எங்க இருக்கு, கேஸ் சிலிண்டர் முடிஞ்சா யாருக்கிட்ட சொல்லணும், அந்த மாதிரி ஏதாவது சொல்லப் போறாருன்னு நெனச்சேன். அவரு திரையக் காட்டி, "இவன் சாகாம பாத்துக்க"ன்னாரு.

எனக்கு வந்த கோவம் இருக்கே! "உங்கம்மாவப் பாக்கணும், அரைகொறையா நிக்கிற வீட்டப் பாக்கணும், பதுளைக்கு பஸ் ஏறிப் போயி துணிக்கடையில பொழுது சாயிற வரைக்கும் நிக்கணும். இதுல இவன வேற பாக்கணுமா?"ன்னு கேட்டேன். எப்பவும் நான் கத்துனா சிரிக்கிற மனுஷன், அன்னைக்கு சிரிக்கல.

திரையில நின்னவன் அவரு ஆடுற கேம்ல வர்ற ஆளு, கிழிஞ்ச கோட்டு போட்டிருந்தான். முதுகுல மூட்ட, கையில துருப்பிடிச்ச துவக்கு. ஏதோ வெசம் பரவி, சனமெல்லாம் வீட்டு வாசல் பூட்டாம ஓடிப்போன ஊரு அது. அங்க நாய்க்கூட்டம் திரியும், கொள்ளக்காரன் ஒளிஞ்சிருப்பான், காத்துலயே கண்ணுக்குத் தெரியாத பொறி இருக்கும். பசிக்கும், தூக்கம் வரும், தோட்டா தீந்து போகும். ரெண்டு குண்டு பட்டா ஆளு முடிஞ்சான். அதுவும் போதாதுன்னு இவரு அதுல ஒரு மொட் வேற போட்டு வச்சிருந்தாரு. மொட்னா, கேம ஆடுறவங்களே பிரிச்சு மாத்திக்கிற சமாச்சாரம். இவரு போட்டது என்னன்னா, ஆளு ஒருக்கா செத்தா அவ்வளவுதான். அது வரைக்கும் நடந்தது எல்லாமே அழிஞ்சு போகும்.

"ரெண்டு வருஷமா இவனோட நடந்திருக்கேன். அப்படியே போட்டுட்டுப் போக மனசு கேக்கல. ஞாயித்துக்கிழம கொஞ்ச நேரம் நடக்க விடு, எங்கயாவது பத்திரமா தூங்க வையி. ரெண்டு வருஷத்துல நான் வந்து வாங்கிக்கிறேன்"னாரு.

வந்து வாங்கிக்கிறேன். அந்த ஒரு வார்த்தைய நான் புடிச்சுக்கிட்டேன். ஏர்போட்டுல எல்லாரும் சொல்றதுதான், வந்துருவேன் வந்துருவேன்னு. ஆனா ஒரு பொருளக் கையில குடுத்துட்டு வந்து வாங்கிக்கிறேன்னு சொன்னா அது வேற. இவன் உசுரோட இருந்தா அவரு சொன்ன தவணையில வந்து சேருவாருன்னு நானே மனசுல ஒரு கணக்குப் போட்டுக்கிட்டேன். படிச்சவ நெனைக்கிற நெனப்பா இதுன்னு நீங்க கேக்கலாம். கேளுங்க.

மொத ஞாயித்துக்கிழம ஒரு மணி நேரம் அவன ஒரு வீட்டுக்குள்ளயே நிக்க வச்சிருந்தேன், பயத்துல. வெளிய மழ. தூரத்துல நாய் கொலைக்குது. மூடுபனியில ஒரு ஃபெக்டரி புகைக்கூண்டு மட்டும் தெரியுது. ஹாலிஎலைக்கு மேல எங்க தோட்டத்துல மூடிக் கெடக்குற தேயில ஃபெக்டரியும் அப்படித்தான் நிக்கும். எனக்கு அது விளையாட்டு மாதிரியே இல்ல. நம்ம ஊருல ஒரு நாள் எல்லாரும் எறங்கிப் போயிட்டா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு.

போகப் போகத்தான் எனக்கும் அதோட ருசி புரிஞ்சுது. எங்க கல்யாணத்த விட மூத்த கேம் அது. படம் எல்லாம் பழசு, மனுஷங்க மூஞ்சி மாவு பெசஞ்சு வச்ச மாதிரி இருக்கும். ஆனாலும் உலகத்துல எங்கெங்கயோ இருக்குற ஆளுங்க இன்னைக்கும் அதுக்குப் புதுசு புதுசா மொட் செஞ்சு போட்டுக்கிட்டே இருக்காங்க. அதுவும் எதுக்கு? கஷ்டத்தக் கொறைக்கவா? இன்னும் கூட்டிக்கிறதுக்கு! பசி சீக்கிரம் வரணும், துவக்கு சீக்கிரம் துருப்பிடிக்கணும், ராத்திரி இன்னும் இருட்டா இருக்கணுமாம். லூசுங்களான்னு மொதல்ல நெனச்சேன். அப்புறம் எனக்கே தெரிஞ்சுது. மத்த கேம் எல்லாம் நம்மள ராசா மாதிரி நடத்தும், நம்ம வந்தா கதவு தானா தொறக்கும். இது நம்மள ஏமாத்தாது. நீ ஒரு சாதாரண ஆளு, பாத்து நடன்னு மொதல்லயே சொல்லிரும். அப்படிப்பட்ட எடத்துல நெருப்பு மூட்டிக் குந்தியிருக்குற நாலு பேரு பக்கத்துல ஒரு எடம் கெடச்சு, ஒரு துண்டு பாணப் பிச்சுத் தின்னுக்கிட்டு உக்காந்தா, அந்த நிம்மதி இருக்கே, அத வேற எந்த விளையாட்டும் தராது.

எங்க மாமி, அதான் அவரோட அம்மா, பின்னால ஸ்டூல் போட்டு உக்காந்து பாப்பாங்க. "ஏன்டி, அந்தப் பயலுக்கு ஒரு கொட கெடைக்காதா? நனஞ்சுக்கிட்டே போறான்"பாங்க. வழியில ஒரு டின் மீன் கெடந்தாலும் "எடு எடு"ம்பாங்க. விடியக்காலையில வேலைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுக் களத்துல பேரு குடுத்து, முப்பது வருஷம் தேயிலக் கொழுந்து எடுத்த கை அவங்களுது. கண்ணுல பட்டத விட்டுட்டுப் போக அவங்களுக்கு வராது. எனக்கும்தான்.

ஏழாவது மாசமோ எட்டாவது மாசமோ, அந்த ஊரு கோடியில ஒரு தகரக் கொட்டகையக் கண்டுபுடிச்சேன். உள்ள போனேன். தகரத்துல மழ விழுற சத்தம். அது கேம் மழ இல்ல. நாங்க குடியிருக்குற லயத்துக் கூரையில விழுற மழ. கூரை ஓரத்து பீலி ஒழுகி வாளியில சொட்டுறது கூட கேக்குது. நான் அசையாம இருந்தேன். கொஞ்ச நேரத்துல என் கொரல் வந்துச்சு. "கொடியில துணி கெடக்கு, எடுங்க! சொல்லிக்கிட்டே இருக்கேன், காதுல விழுதா இல்லயா?" அதுக்கப்புறம் அவரு, சோம்பலா, "வாறேன், வாறேன்."

மாமி ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சுட்டாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கல. பாத்தா அழுதுருவோம்னு தெரியும்.

ஃபோன்ல கேட்டேன். "கண்டுபுடிச்சிட்டியா?"ன்னு வெக்கப்பட்டாரு. போறதுக்கு முன்னால ஒரு மழ நாள்ல அந்தச் சத்தத்த ஃபோன்ல புடிச்சு, கேமப் பிரிச்சு அந்தக் கொட்டகைக்குள்ள மட்டும் வச்சு தச்சிருக்காரு. எதுக்குன்னு கேட்டேன். "கஷ்டப்பட்டு அவ்வளவு தூரம் நடந்து போனா, வீட்டுச் சத்தம் கேட்டா நல்லா இருக்கும்ல"ன்னாரு. கல்யாணம் பண்ணி இத்தன வருஷத்துல எனக்கு ஒரு பூ வாங்கிக் குடுக்கத் தெரியாத மனுஷன்!

அதுக்கப்புறம் எனக்கு ஞாயித்துக்கிழமன்னா அந்தக் கொட்டக தான். அங்க ஒரு இரும்புப் பெட்டி இருந்துச்சு. வழியில கெடைக்கிறத எல்லாம் கொண்டு போய் அதுல சேத்தேன். மருந்து, தோட்டா, டின் சாப்பாடு, நல்ல பூட்ஸு. அவரு வந்து தொறந்து பாக்கும்போது அசந்து போகணும். சேத்து வச்சிட்டு, மழ வர்ற வரைக்கும் காத்திருந்து, "வாறேன், வாறேன்" கேட்டுட்டுத் தான் கம்ப்யூட்டர மூடுவேன். வெளிய சொன்னா பைத்தியம்பாங்க. எனக்கு அவரு வேணும்னு இருந்துச்சு. அந்தக் கொரல் வேணும்னு இருந்துச்சு. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?

அவரு வர்றதுக்கு ரெண்டு மாசம் இருந்தப்ப, அந்த ஊரு நடுவுல ஒரு பழைய ஆஸ்பத்திரிக்குள்ள ஏகப்பட்ட சாமான் கெடச்சுது. மூட்ட நெறஞ்சிருச்சு. அந்தக் கேம்ல பாரம் கூடுனா ஓட முடியாது, நடக்கத்தான் முடியும். எனக்குத் தெரியும். பாதியக் கீழ போட்டுட்டு வந்திருக்கணும். "இதக் கூடவா ஒரு ஆம்பள தூக்க மாட்டான்? மழையில நனஞ்ச கொழுந்து மூட்டையோட நான் மலையே எறங்கியிருக்கேன்"னாங்க மாமி. நானும் சரிதானேன்னு நெனச்சேன். ரெண்டு தடவ நடக்கிறத ஒரு தடவையில முடிச்சிரலாம்.

கொட்டக கூரை கண்ணுக்குத் தெரியிற தூரத்துல நாய்க்கூட்டம் வந்துச்சு. ஓடப் பாத்தேன், அவன் அசையல. ஒரு பட்டன அமுக்குனா போதும், மூட்ட கீழ விழுந்துரும், அவன் ஓடிருவான். என் வெரல் அந்தப் பட்டன் மேல தான் இருந்துச்சு. அமுக்கல. எல்லாம் அவருக்குன்னு சேத்தது, எப்படி விடுவேன்? மாமி "ஓடு, ஓடு"ன்னு கத்துறாங்க. திரை செவந்துச்சு, கறுத்துச்சு. அப்புறம் மொத பக்கம் வந்து நின்னுச்சு. அவன் இல்ல. அவரும் நானுமா நாலு வருஷம் நடந்த நடை இல்ல.

மூணு வாரம் அவருக்கிட்ட சொல்லல. "அவன் எப்படி இருக்கான்?"ன்னு கேப்பாரு, "இருக்கான், இருக்கான்"பேன். நாலாவது வாரம் தாங்க முடியல. அவரு ஹலோ சொன்ன ஒடனே ஒடச்சிட்டேன். "செத்துட்டான்ங்க. நான்தான் கொன்னேன். பாரத்த ஏத்தி ஏத்தி நான்தான் கொன்னேன்"ன்னு ஓன்னு அழுதேன்.

திட்டுவாருன்னு பாத்தேன். திட்டவே இல்ல. மெதுவா, "பரவாயில்ல விடு. புதுசா ஒருத்தன ஆரம்பி. இன்னும் நேரம் இருக்கு"ன்னாரு.

"என்னங்க நேரம்? இன்னும் அஞ்சு வாரத்துல வர்றீங்க."

"இல்ல. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு கையெழுத்துப் போட்டுட்டேன். சொல்லணும்னு தான் ஒரு மாசமா இருக்கேன், வாய் வரல. வீட்டுக்குக் கூரை போடணும். அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் இருக்கு. நீயும் கேட்டல்ல, உள்ளயே பாத்ரூம் வேணும்னு."

கேட்டேன். நான்தான் கேட்டேன். டைல்ஸ் போட்டு வேணும்னு கூட கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம்ங்க. கூரையும் வேணாம், பாத்ரூமும் வேணாம். இருக்குற மாதிரியே கெளம்பி வாங்க. வெறுங்கையோட வாங்க, கேக்குதா?"

"வேலைக்கு நேரமாச்சு, வைக்கிறேன்"னாரு.

அன்னைக்கு வெள்ளிக்கிழம. வெள்ளிக்கிழம அவருக்கு லீவு. எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும்.

"சரிங்க"ன்னேன். "சாப்பிட்டுட்டுப் போங்க."