செல்விக்கு நாலு நாள் சிவப்பு

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் லேடி செக்யூரிட்டி கார்டாக இருந்தேன். ஷிப்டு முடிந்து போகிற பெண்கள் துணி எதுவும் எடுத்துப் போகிறார்களா என்று பையைச் சோதிப்பது என் வேலை. எல்லாரையும் சோதிக்க நேரம் போதாதென்று கேட்டில் ஒரு பட்டன் பெட்டி மாட்டினார்கள். அமுக்கிப் பச்சை எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் பையைத் திறக்க வேண்டும். யாருக்கு எது வரும் என்பதற்குக் கணக்கே கிடையாது என்று மாட்டியவர் சொல்லிவிட்டுத்தான் போனார்.

எங்கள் பெண்கள் கேட்டால்தானே! ஒரே வாரத்தில் வடைப் பந்தயம் ஆரம்பித்துவிட்டது. "நாலு பச்சை போயிடுச்சு, அடுத்தது சிவப்புதான்டி" என்று ஒருத்தி வரிசையில் பின்னால் நழுவுவாள். இடது கட்டைவிரல்தான் ராசி என்பாள் இன்னொருத்தி.

அப்போது டெய்லர் செல்விக்குத் தொடர்ந்து நாலு நாள் சிவப்பு வந்தது. பையில் டிபன் பாக்ஸும் குடையும்தான் இருந்தன. இரண்டாம் நாளிலிருந்து அவளுக்குச் சிவப்புதான் என்று பந்தயம் கட்டி, தினமும் ஓசி வடை தின்றவர்களில் நானும் ஒருத்தி.

பேச்சு கன்னடக்கார மேனேஜர் காதுக்குப் போனது. நாலாம் நாள் கேட்டுக்கே வந்துவிட்டார்.

"சும்மா வருமாரீ நாலு வாட்டி? மெஷினுக்குத் தெரியும். நாளைலேர்ந்து இவளை வர வேணாம்னு சொல்லுங்க."

செல்வி அழவில்லை. "என் பையில ஏதாச்சும் பாத்தியாக்கா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"சார், நீங்களும் நாலு வாட்டி அமுக்குங்க" என்றேன்.

பச்சை வந்தது. "நோடி, பாத்தீங்களா சாந்தம்மா!" என்று என்னிடம் சொல்லி மீசையைத் தடவினார். அடுத்தது சிவப்பு. மறுபடி சிவப்பு. வீம்புக்கு இன்னொரு தடவை ஓங்கி அமுக்கினார். அதுவும் சிவப்பு.

"ஜென்ட்ஸ் செக்கிங் அந்தப் பக்கம் சார்" என்றேன்.

வரிசையே சிரித்தது. வேறு வழியில்லாமல் அவரும் சிரித்தார். "சரி, வரட்டும் விடுங்க" என்று போய்விட்டார். நாலும் பச்சையாக வந்திருந்தால் என் வேலையும் போயிருக்கும்.

விளக்கை நம்பி ஆளை எடை போடக்கூடாது, பையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். நான் கற்றது இதுதான்.

மறுநாளும் செல்விக்குச் சிவப்புதான். பையில் டிபன் பாக்ஸ், குடை, காகிதத்தில் சுற்றிய இரண்டு வடை.

"உனக்குத்தான்க்கா."

"பச்சை வந்திருந்தா பையைத் திறக்காமலே போயிருப்பியே, எப்படிடி குடுத்திருப்பே?"

"எப்படிக்கா பச்சை வரும்? நாலு நாளா எனக்குச் சிவப்புதானே!"

வடையைத் தின்றேன்.