கம்மல் காசில் பார்த்த கடல்

நேற்று அக்காவின் தகரப் பெட்டியைத் திறந்தோம். ரெண்டு புடவை, ஒரு சீப்பு, அவ்வளவுதான். எட்டிப் பார்த்த அத்தை, "பொட்டுத் தங்கங்கூட சேக்காம போயிட்டாளே" என்று மூக்கைச் சிந்தினாள். புடவையில் மல்லாட்டைத் தூசு வாசம் இன்னும் இருந்தது. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அதுதான்.

விதைக்கு வைக்கிற மல்லாட்டையை மெஷினில் போட்டால் பருப்பு உடைந்துவிடும். அதனால் செஞ்சி மண்டிக்காரர்கள் களத்தில் பெண்களை உட்காரவைத்துக் கையால் உரிக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தை மூணாவதோடு விட்ட எனக்கு உரிப்பதில் பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. உரித்ததில் பாதி என் வாய்க்குள்தான் போகும். குறைகிறதை அக்கா தன் முறத்திலிருந்து அள்ளிப் போட்டு ஈடுகட்டுவாள்.

அந்தக் கூலியில் அவள் கம்மலுக்குச் சேர்த்தாள். ஊரே அரிசிக்கு வரிசையில் நின்ற வருஷம் அது. திடீரென்று ஒருநாள், அந்தக் காசில் பாண்டிக்குப் போய்க் கடல் பார்க்கலாம் என்றாள். பெண் பார்க்க வருகிறவனுக்கு மூளிக்காதையா காட்டுவது என்று அம்மா கத்தினாள்.

"கம்மல் போட்டா அத ஊருதாம்மா பாக்கும். நான் இன்னாத்தப் பாக்கறது?"

நைனா சிரித்துவிட்டார். அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் பஸ் ஏறினோம்.

செஞ்சியில் எங்கே நின்றாலும் மலை தெரியும். அதைப் பார்த்தே வீட்டுக்கு வழி பிடித்துப் பழகியவர்கள், பாண்டியில் நடந்து வந்த தெருவைக் கவனிப்போமா? கடலுக்கு முன்னால் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். "இன்னாடி, மலையவே காணோம்" என்றாள், யாரோ திருடிக்கொண்டு போனமாதிரி. பஸ் ஸ்டாண்டுக்குச் சுண்டல்காரர்தான் வழி சொன்னார். கிளம்புமுன் தண்ணீரில் கை வைத்தோம். உரித்து உரித்து வெடித்த விரல் நுனியில் உப்பு ஏறி, ரெண்டு பேரும் ஒன்றாகக் கையை உதறினோம். எரிச்சலிலும் அப்படி ஒரு சிரிப்பு.

கம்மல் அப்புறமும் வாங்கவில்லை. கல்யாணமாகி அனந்தபுரம் போனவள், வரும்போதெல்லாம் கடல் பேச்சுத்தான். தூரத்தில் கப்பல் நின்றது என்பாள். அது கட்டுமரம் என்பேன். "உனக்குக் கண்ணு பொட்டைடி" என்பாள். பிரசவத்துக்கு வந்தபோதும் அதே சண்டை. அந்தப் பிரசவத்தில் அவளும் போனாள், குழந்தையும் போயிற்று.

நேற்று அத்தை போனபிறகு அம்மாவிடம், அன்றைக்கு நாங்கள் பார்த்தது கட்டுமரம்தான் என்றேன். "இருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, கப்பல்தான் என்றேன். அதற்கும் "இருக்கும்மா" என்றாள்.

இல்லை என்று சண்டைக்கு வர இனி ஆளில்லை.