ரிம்மா பின்னிய இடுப்புப் பட்டை

அக்டோபர் பிறந்துவிட்டால் ரிம்மாவின் வீட்டில் எதைத் தொட்டாலும் நாய்முடி. தேநீரில் முடி, முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாயின் மூடியில் முடி, குளிருக்காக ஜன்னல் இடுக்கில் அடைத்த பஞ்சிலும் முடி. யூரல் மலைப் பக்கத்து ஊர்களில் நாய்களுக்குப் பழைய முடி உதிர்ந்து குளிர்கால முடி வருகிற சமயம் அது. நாய் வளர்ப்பவர்கள் சீப்பால் வாரி எடுத்ததைத் தலையணை உறையில் திணித்து அவள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார்கள். அவள் அதைச் சோப்புத் தண்ணீரில் அலசி, வேலியில் காயவைத்து, கம்பிப் பல் பலகைகளால் சிக்கெடுத்து, ராட்டையில் நூற்றுக் காலுறையும் கையுறையும் பின்னுவாள். அதிகம் போவது இடுப்புப் பட்டைதான். இடுப்பு பிடித்துக்கொண்டால் அந்த ஊர்க்காரர்கள் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ரிம்மாவைப் பார்ப்பார்கள். நாய்முடியின் சூடு எலும்புவரை இறங்கும் என்று ஒரு நம்பிக்கை. இறங்குகிறதோ இல்லையோ, சனிக்கிழமைச் சந்தைக்கு அவள் கொண்டுபோன பட்டை எதுவும் வீடு திரும்பியதில்லை.

"நாய் நாத்தம் அடிக்குமா?" என்று புதிதாக வருபவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்பார்கள்.

"நனைஞ்சா அடிக்கும். குளிக்கலைன்னா நீங்களும்தான் அடிப்பீங்க" என்பாள் ரிம்மா.

குழந்தைகள் காப்பகத்தில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு குழந்தையையும் அதட்டிச் சாப்பிட வைத்ததில்லை, ஆனால் தலைமை ஆசிரியையையே அதட்டியிருக்கிறாள். இப்போது வீட்டில் அவளுக்குத் துணை இரண்டு நாய்கள். மார்த்தா கிழட்டு வேட்டைநாய், காது கேட்காது. குஸ்யா தெருவில் கிடைத்தது, யார் வந்தாலும் ஒற்றைக் காலணியைக் கவ்விக்கொண்டு ஓடும். இரண்டுக்கும் குட்டை முடி, ஒரு காலுறைக்குக்கூடத் தேறாது. நூற்பதற்கென்றே பிறந்த மாதிரி முடி உள்ள நாய் ஒன்று அவளிடம் இருந்தது. அதைத்தான் அர்காதி கொண்டுபோய்விட்டான்.

அர்காதி அவள் புருஷனாக இருந்தவன். கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குடிப்பது அளவோடு, அடித்தது கிடையாது. அவனிடம் இருந்த ஒரே கோளாறு, மனசு நோகிற ஒரு விஷயத்தையும் வாயால் சொல்ல மாட்டான். ரிம்மாவின் அம்மா இறந்த செய்தி தொலைபேசியில் முதலில் அவனுக்குத்தான் வந்தது. சாவு வீட்டில் செய்வதுபோல நிலைக்கண்ணாடியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு அவன் மீன் பிடிக்கப் போய்விட்டான். வேலை முடிந்து வந்த ரிம்மா துணியைப் பார்த்துத்தான் ஏதோ சாவு என்று தெரிந்துகொண்டாள். செத்தது யாரென்று தெரியாமல் வீடு வீடாகப் போய் விசாரித்தாள். அவளை விட்டுப் போனதும் அப்படியே. முதலில் தூண்டில்கள் காணாமல் போயின, பிறகு குளிர்காலப் பூட்ஸ், பிறகு சவரக் கத்தி. மருந்துக்கடை ரீத்தாவின் வீட்டுக்கு, ஆற்றுக்கு அக்கரைக்கு, அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிபோய்க்கொண்டிருந்தான்.

கடைசியாக அவன் வந்தது நாய்க்காக. தூமான் என்று பெயர். மூடுபனி நிறத்தில், கன்றுக்குட்டி உயரத்துக்கு நிற்கும். குட்டியிலிருந்து கஞ்சி ஊற்றி வளர்த்தது ரிம்மா, வேட்டைக்கும் ஆற்றுக்கும் கூட்டிப்போனது அவன். வேலிக் கதவருகே அவன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றான்.

"என்னைய எதுக்குப் பாக்குற? நாயைக் கேளு. யாரோட வருதோ வரட்டும்" என்றாள் ரிம்மா.

அவன் சீழ்க்கை அடித்தான். தூமான் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு அவன் பின்னால் போய்விட்டது. அவன் பையில் கருவாடு இருந்தது என்று அவள் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். கருவாடு இல்லாவிட்டாலும் போயிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

"போகட்டும், முடி எனக்கு" என்று மட்டும் அவன் முதுகைப் பார்த்துக் கத்தினாள். அதை அவன் காப்பாற்றினான். வசந்தத்தில் ஒரு தரம், இலையுதிர் காலத்தில் ஒரு தரம், தூமானின் முடி அடைத்த தலையணை உறை பேருந்து ஓட்டுநர் கையில் வந்து சேரும். அந்த முடியில் பின்னியதை மட்டும் ரிம்மா சந்தைக்குக் கொண்டுபோக மாட்டாள். தானே போட்டுக்கொள்வாள், மிஞ்சியதை அலமாரியில் வைப்பாள்.

இந்த ஆண்டு செப்டம்பரில், தோட்டத்து உருளைக்கிழங்கைத் தோண்டி நிலவறையில் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுத் தோஸ்யா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஊர்க் கதைகளை விளையும்போதே பறித்துவிடுகிறவள்.

"அடியே ரிம்மா, சேதி தெரியுமா? அந்த மருந்துக்கடைக்காரி கூடத்துக்கு வெள்ளைத் தரைவிரிப்பு வாங்கியிருக்காளாம்."

"வாங்கட்டும். அதுல படுத்து உருளட்டும்."

"கூறு கெட்டவளே, வெள்ளை விரிப்புல அந்தக் கரடியை விடுவாளா? பாத்துட்டே இரு, பனி விழறதுக்குள்ள நாயை உன் வாசல்ல கொண்டாந்து கட்டிருவான்."

"எனக்கென்ன, இருக்கிற ரெண்டுக்கே கஞ்சி காய்ச்சி மாளல அக்கா" என்றாள் ரிம்மா. ஆனால் அன்று சாயங்காலமே அடுப்புக்குப் பக்கத்து மூலையைக் காலி செய்தாள். பழைய மேல்கோட்டை வெட்டி, உள்ளே வைக்கோல் திணித்து ஒரு மெத்தை தைத்தாள். கசாப்புக்கடையில் பெரிய எலும்புகளாகக் கேட்டு வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டாள். மழை பெய்தது, பிர்ச் மரங்களின் இலைகள் எல்லாம் கொட்டிச் சேற்றோடு சேர்ந்தன. ஒவ்வொரு பேருந்துச் சத்தத்துக்கும் குஸ்யா ஓடுவதற்கு முன் அவள் ஜன்னலுக்கு ஓடினாள். தூமான் திரும்பி வரப்போகிறது. அந்த ஒரு நினைப்பிலேயே அந்த மாதம் முழுக்க அவள் யாரையும் திட்டவில்லை. காளான் கொண்டுவந்து விற்ற கிழவனிடம் பேரம்கூடப் பேசவில்லை.

முதல் உறைபனி விழுந்த அன்று அர்காதி வந்தான். ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்பாமல் அவனே வந்தான். ஜன்னல் வழியாக அவன் தொப்பி தெரிந்ததும் ரிம்மா கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள். அவன் காலடியில் பார்த்தாள், நாய் இல்லை. தோளில் ஒரு பெரிய மூட்டை இருந்தது. இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு படியேறினான்.

குஸ்யா அவன் காலணி ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. அவன் துரத்தவில்லை. உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்து, முட்டைக்கோஸ் பணியாரத்தைச் சாப்பிட்டான்.

"இடுப்பு போச்சு ரிம்மா. குனிஞ்சா நிமிர முடியல. ஒரு பட்டை பின்னிக் குடேன்."

"உன் வீட்டு மருந்துக்கடைல மாத்திரை தீந்துபோச்சா?"

"மாத்திரை வயித்தக் கெடுக்குது. உன் பட்டை மாதிரி வராது" என்றவன் மூட்டையை மெதுவாக அவள் பக்கம் தள்ளினான். "இது முழுக்க வச்சுக்கோ."

"தூமான் எப்படி இருக்கான்?" ரிம்மா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

அவன் மூலையில் இருந்த புது மெத்தையைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தேநீர்க் கோப்பையைப் பார்த்தான்.

"நாய்க்கென்ன" என்றான்.

வெட்கப்படுகிறான், நாயை வைத்துக்கொள்ள முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அடுத்த வாரம் கையோடு கொண்டுவருவான் என்று ரிம்மா கணக்குப் போட்டாள். அதற்கு மேல் அவளும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுவது போல ஆகிவிடும். "ஞாயித்துக்கிழம வா" என்று அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் மூட்டையை மேஜைமேல் கொட்டினாள். வழக்கமாக வருவதைவிட மூன்று மடங்கு இருக்கும். கையை உள்ளே விட்டதுமே ஏதோ பிடிபடவில்லை. சீப்பில் வாரிய முடி மேகம் மாதிரி உருண்டு வரும், நுனி தேடினாலும் கிடைக்காது. இது கற்றை கற்றையாக, ஒரு பக்கம் மொட்டையாக இருந்தது. கத்தரித்த முடி. குளிர் வருகிற நேரத்தில் நாயை மொட்டையடிக்கிற பைத்தியக்காரன் யார் என்று முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. ரீத்தாவின் வேலையாக இருக்கும், விரிப்புக்காக, என்று நினைத்து அவளை வாய்க்கு வந்தபடி ஏசினாள். நடுங்கிக்கொண்டு வரட்டும், மெத்தைமேல் இன்னொரு கம்பளி போடலாம் என்றுகூட நினைத்தாள்.

அடியில், காகிதத்தில் சுற்றி, நீளமான முடிக்கற்றை ஒன்று இருந்தது. விரித்துப் பார்த்தாள். வால்முடி. தூமான் உடம்பில் எங்கே வேண்டுமானாலும் சீப்பு வைக்கலாம், வாலில் மட்டும் முடியாது. ரிம்மாவையே அது இரண்டு தரம் கடித்திருக்கிறது. வால்முடியை அடியோடு கத்தரிக்கும் வரை அந்த நாய் சும்மா படுத்திருந்தது என்றால், அது உயிரோடு படுத்திருக்கவில்லை.

அவள் அந்தக் கற்றையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அழுதாள், வாய்விட்டு அழுதாள். காது கேட்காத மார்த்தாகூட எழுந்து வந்து அவள் முழங்காலில் தலையை வைத்தது.

அழுது முடித்ததும் முடியைச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அலசினாள், காயவைத்தாள், நூற்றாள். கத்தரித்த முடி நூலில் நிற்காது, குத்தும், அறுந்து அறுந்து போகும். அறுந்த இடத்தையெல்லாம் பொறுமையாக ஒட்டி ஒட்டி நூற்றாள். அவ்வளவு மோசமான நூலை அவள் எந்தக் காலத்திலும் நூற்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அர்காதி வந்தான். ரிம்மா தேநீர் வைக்கவில்லை. வால்முடிக் கற்றையை மட்டும் நூற்காமல் வைத்திருந்தாள், அதை எடுத்து அவன் முன்னால் போட்டாள்.

"இது எந்த இடத்து முடி?"

அவன் தொப்பியைக் கழற்றினான்.

"வாயத் தொறந்து சொல்லு அர்காதி. இந்த ஒரு தரமாவது சொல்லு."

"அதான் கொண்டாந்து குடுத்தேன்ல" என்றான் அவன். "நீ கையால தொட்டாலே கண்டுபிடிச்சிருவேன்னு தெரியும். அப்புறம் நான் வேற எதுக்குச் சொல்லணும்?"

"எப்போ?"

"ஆகஸ்ட் கடைசில. சிறுநீரகம் கெட்டுப்போச்சாம். நாலு நாள் எதையும் தின்னல. ஆத்தோரமா புதைச்சேன்."

ஆகஸ்ட். அவள் மெத்தை தைத்ததும், எலும்பு வாங்கியதும், ஜன்னலுக்கு ஓடியதும் எல்லாம் செத்துப்போன நாய்க்கு. வெள்ளை விரிப்பு வந்ததால் நாய் வெளியே போகவில்லை, நாய் போனதால்தான் விரிப்பு வந்தது. இது தெரியாமல் அவள் ஒரு மாதம் சந்தோஷமாக இருந்திருக்கிறாள்.

"முடியை வெட்டுனது யாரு?"

"நான்தான். ரீத்தா சொன்னா, நல்ல முடி, எதுக்கு மண்ணுல போடணும்னு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "முடி உனக்குன்னு நீதான சொன்ன."

ரிம்மாவுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அதுவும் முடியவில்லை. அவனும் அழுதிருக்கிறான், அது தெரிந்தது. குஸ்யா உள்ளறையில் காலணியைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப, பட்டை?" என்றான் அவன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

ரிம்மா எழுந்தாள். மேல்சட்டையைத் தூக்கிக் காட்டினாள். சாம்பல் நிறத்தில், முடிச்சு முடிச்சாக, அந்தப் பட்டை அவள் இடுப்பில் இறுகக் கட்டியிருந்தது. குத்திக் குத்தித் தோல் சிவந்திருந்தது.

"இது எனக்கு. காப்பகத்துல அண்டா தூக்க ஆரம்பிச்ச நாள்லேந்து எனக்கும் இடுப்பு வலிதான். ஊருக்கெல்லாம் பின்னேன், உனக்கு எத்தனை பின்னியிருக்கேன்? ரிம்மா, உனக்கு வலிக்குதான்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருக்கியா?"

அர்காதி நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது நிஜமான ஆச்சரியம்.

"நீ சொன்னதே இல்லையே, ரிம்மா" என்றான்.

ஊரையே மடக்குகிற வாய் அவளுக்கு. வலிக்கிறது என்று அவள் சொன்னதில்லை. போகாதே என்று சொன்னதில்லை. நாயை விட்டுவிட்டுப் போ என்றும் சொன்னதில்லை, நாயைக் கேள் என்றுதான் சொன்னாள். பேருந்தில் மூன்று நிறுத்தம் தள்ளி இருந்தது தூமான். ஒரு தரம் போய்ப் பார்த்திருக்கலாம். கூப்பிட்டால் வந்தாலும் வந்திருக்கும்.

சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, அவன் காலணியைத் தேட உள்ளறைக்குப் போனாள்.